அறியாத வழக்கை ஆராய்தல்



இந்த வாரத் தியானத்திற்கு யோபு 29-ஆம் அதிகாரத்தின் 16-ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேதாகமத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். தம் செழிப்பின் நாட்களை நினைவுகூரும் யோபு, எளியவர்களுக்குத் தாம் தகப்பனைப்போல் இருந்ததைச் சொல்லுகிறார். அவ்வளவில் நிறுத்தாமல், தமக்குத் தெரியாதிருந்த வழக்கையும் ஆராய்ந்து பார்த்ததாக அதே வசனத்தில் சேர்த்துச் சொல்லுகிறார். முதற்பகுதியைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். இரண்டாம் பகுதி அவ்வளவாக நம் காதில் விழுவதில்லை. ஏழைக்குக் கொடுப்பது நீதி என்று ஏற்றுக்கொள்ளுகிறோம். அவன் ஏழையானது எவ்வாறு என்று தேடி அறிவதும் நீதியின் வேலை என்று யோபு சொல்லுகிறார். நீதிமொழிகள் 29:7-உம் இதையே கூறுகிறது: நீதிமானுக்கு அடையாளம் ஏழைகளின் நியாயத்தை அவன் கவனித்து அறிதல், துன்மார்க்கனுக்கு அடையாளம் அதை அறிய விரும்பாமை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நகரத்துக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர்களும் மாணவர்களும் நம் ஆலயக் குழுவை அணுகியிருக்கிறார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையை ஒட்டிய தெருக்களில் வாழும் குடும்பங்களின் வருமானம், கடன், வாடகை, வேலை ஆகியவற்றைப் பற்றி ஓர் ஆய்வு செய்ய விரும்புகிறார்கள். நம் கூடத்தைச் சில மாதங்களுக்கு வாரம் இருநாள் தரும்படியும், வீடுகளுக்குச் செல்லும்போது உடன்வரச் சபையாரில் சிலரை அனுப்பும்படியும் கேட்டிருக்கிறார்கள். வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் நாம் கூடி இதைத் தீர்மானிக்கவேண்டும்.

உங்களில் சிலர் என்னிடம் மனம்விட்டுப் பேசினீர்கள். இந்த அலைச்சலுக்கு ஆகும் செலவில் பத்து மூட்டை அரிசி வாங்கிக் கொடுக்கலாமே என்றார் ஒரு மூத்த சகோதரர். ஆராய்ச்சி கல்லூரியின் வேலை, ஜெபம் சபையின் வேலை என்றார் மற்றொருவர். இரண்டு கேள்விகளையும் மதிக்கிறேன். ஆற்றங்கரையில் குடியிருக்கும் நம் சபையார் சிலரோ, இவ்விரண்டையும்விடக் கூர்மையான மூன்றாவது கேள்வி ஒன்றைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

கல்வி நம் ஊரைத் தேடி வருவது புதிதன்று. 1868-ஆம் ஆண்டில் இதே சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. 1906-இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்த அந்த நிறுவனமே வளர்ந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. அந்தப் பள்ளி இங்கே இருந்த காலத்தில்தான், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. மண்ணையும் விதையையும் பற்றிய அறிவு தேவையானதே. ஆயினும் விளைந்த தானியம் யார் கைக்குப் போகிறது, அதை விலைகொடுத்து வாங்கும் கூலி யாரிடம் இருக்கிறது என்பவற்றை நிலம் சொல்லாது. அவற்றை மனிதரிடம்தான் கேட்டு அறியவேண்டும்.

அவ்வாறு கேட்கத் தொடங்கியவர்களுள் ஒருவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராயிருந்த இவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்தார். நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்நாட்டின் பொருளாதாரத்தைக் கற்பிக்க இயலாது என்று கண்டு, தம் மாணவர்களிடம் கேள்வித்தாள்களைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் அறிந்த கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம், என்ன உண்கிறார்கள் என்று அவர்கள் எழுதிக்கொண்டு வந்தவை 1918-இல் தென்னிந்திய கிராமங்கள் பற்றிய நூலாக வெளிவந்தன.

அந்த நூலில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. அங்கே படியாட்களைப் பற்றிய செய்தி பதிவாயிற்று. கலியாணம் போன்ற தேவைக்காக நிலவுடைமையாளரிடம் பணம் வாங்கிய உழைப்பாளி, அதைத் திருப்பிக் கொடுக்க வழியின்றி அந்தக் குடும்பத்துக்கே கட்டுண்டு உழைத்தான். அவனைச் சோம்பேறி என்றோ ஊதாரி என்றோ ஏசுவது ஊருக்கு எளிதாயிருந்திருக்கும். ஒரு மாணவன் உட்கார்ந்து கேட்டு எழுதியதால், அவனுடைய வறுமைக்கு ஒரு பொறிமுறை இருந்தது உலகுக்குத் தெரியவந்தது. உழைப்பை விற்க உரிமையற்றவன் எவ்வளவு உழைத்தும் மீளமுடியாது என்பதே அந்தப் பொறிமுறை.

நெகேமியாவின் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எருசலேமுக்கு வந்த அவர் முதலில் இராக்காலத்தில் எழுந்து, இடிந்த அலங்கத்தைச் சுற்றிப் பார்வையிட்டார் (2-ஆம் அதிகாரம்). கல்லும் வாசலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அறிந்துகொண்டார். வேலை தொடங்கிய பின்னரே வேறோர் இடிபாடு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. 5-ஆம் அதிகாரத்தில் ஜனங்களும் அவர்கள் மனைவிமாரும் வந்து முறையிடுகிறார்கள்: வயல்களை அடகுவைத்தோம், திராட்சத்தோட்டங்களை அடகுவைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாக்கினோம். இராத்திரியில் தனியே சுற்றிய நடையில் இது அவருக்குப் புலப்படவில்லை. மனிதர் வாய்திறந்து சொல்லியபோதுதான் புலப்பட்டது. கேட்டவர் கோபமடைந்தார், ஆயினும் உடனே தீர்ப்புச் சொல்லாமல் தமக்குள்ளே ஆலோசித்தார். அதன்பின் பிரபுக்களையும் அதிகாரிகளையும் சபை முன்பாக நிறுத்தி, அடகுபிடித்த நிலங்களைத் திரும்பக் கொடுக்கவும், நூற்றில் ஒன்றாக வாங்கிய வட்டியை விட்டுவிடவும் செய்தார். கேட்டல், ஆலோசித்தல், சபை முன் வெளிப்படுத்தல், திரும்பக் கொடுத்தல் என்ற வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நூற்றில் ஒன்று மாத வட்டி என்று வேத அறிஞர் பலர் கருதுகின்றனர். நம் தெருவின் கணக்கை அதன் அருகில் வைத்துப் பார்ப்போம். தண்டல் எடுப்பது எப்படி என்று உங்களில் பலர் அறிவீர்கள். 10,000 ரூபாய் கடன் என்பார்கள்; 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்டவேண்டும். கேட்பதற்குச் சிறிய தொகைபோல் இருக்கிறது. அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுக் கணக்கில் இதன் வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும். மிகை வட்டியைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே இயற்றப்பட்டது. ஆயினும் காலை ஐந்து மணிக்குக் காய்கறி எடுக்கக் கோயம்பேட்டுக்குப் போகும் தள்ளுவண்டிக்காரருக்கு, அந்த நேரத்தில் அடமானம் கேளாமல் பணம் தருபவர் தண்டல்காரர் ஒருவரே. இதில் எங்கே மாற்றுவழி அமைக்கலாம்? எத்தனை குடும்பங்கள் மருத்துவச் செலவுக்காகக் கடன்பட்டன, எத்தனை பள்ளிக் கட்டணத்துக்காக, எத்தனை தொழில் முதலுக்காக? நம்மில் எவருக்கும் சரியான விடை தெரியாது. பத்து மூட்டை அரிசி அந்தக் கேள்விகளுக்கு விடையாகாது. அரிசியைக் கொடுப்போம், அது நம் கடமை. நமக்குத் தெரியாத வழக்கையும் ஆராய்வோம், அதுவும் நம் கடமை.

ஆராய்ச்சி சபையின் வேலையா என்ற கேள்விக்கு நம் நகரத்தின் வரலாறே விடை தருகிறது. 1938-இல், சென்னையில் ஊழியம் செய்த மெதடிஸ்ட் மிஷனரி சி. டபிள்யூ. ரேன்சன், இந்நகர மக்களின் சமூக வாழ்வை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் அதை வெளியிட்டது. வளர்ந்துவரும் நகரத்தில் ஏழைகள் எங்கே, எப்படி வாழ்கிறார்கள் என்று அறிவது ஊழியக்காரனின் பொறுப்பு என்று அவர் எண்ணியதற்கு அந்நூல் சாட்சி. நம் ஆற்றின் போக்கிலேயே கீழே சென்றால், அடையாறு காந்திநகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1971-இல் அதைத் தொடங்கியவர்கள் மால்கம் ஆதிசேசையாவும் அவர் துணைவியார் எலிசபெத்தும். வேலூரில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்து, யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர் பதவிவரை உயர்ந்தவர், ஊருக்குத் திரும்பி வந்து இந்த மண்ணின் வறுமையை ஆராயும் வீட்டைக் கட்டினார்.

இருவேல்பட்டின் கதை 1918-உடன் முடியவில்லை. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936-37-இல் ஸ்லேட்டரின் கிராமங்களை மீண்டும் ஆராய்ந்தார்கள். 1981-இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குச் சென்றார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் அதே ஊருக்குச் சென்றார்கள். பெரிய நிலவுடைமையாளரின் பிடி தளர்ந்ததையும், படியாள் முறை மறைந்ததையும், மக்கள் வயல்வேலையை மட்டுமே நம்பியிராமல் வெளிவேலைகளுக்குப் போவதையும், அரசின் நலத்திட்டங்கள் வாழ்வைத் தாங்குவதையும் அவர்கள் கண்டார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக ஓர் ஊரை மீண்டும் மீண்டும் கேட்டதால்தான், வறுமை விதியன்று, மாறக்கூடியது என்பது கண்கூடாயிற்று. ஒருமுறை வந்து போகிறவருக்கு இந்த உண்மை கிட்டாது.

இனி அந்த மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆற்றங்கரைத் தெருவில் வீட்டு ஜெபம் முடிந்தபின், இஸ்திரிப் பெட்டி வைத்துப் பிழைக்கும் ஒரு தாயாரிடம் இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஐயா, எண்ணிட்டுப் போவாங்க. அப்புறம் லாரி வரும். எங்க அக்கா வீட்டுக்கு அப்படித்தான் வந்துச்சு. இவங்க எண்ணுறது எதுக்குன்னு நீங்க கேட்டீங்களா?” என்றார்.

இந்தக் கேள்வியை இலேசாகக் கடந்துபோக நமக்கு உரிமையில்லை. 2015 டிசம்பர் மாதத்து வெள்ளத்தை நாம் ஒருவரும் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்த சில வாரங்களுக்குள் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. வெள்ளத்திலிருந்து காப்பதே நோக்கமென்று சொல்லப்பட்டது. கான்கிரீட் கூரையும் கிடைத்தது. ஆனால் பிள்ளைகளின் பள்ளி இங்கே இருந்தது. வீட்டுவேலைக்குப் போகும் பெண்களின் வீடுகள் இங்கே இருந்தன. தெரிந்த மளிகைக்கடையில் கடன் சொல்லும் உறவும் இங்கேதான் இருந்தது. அப்படிப்பட்ட இடமாற்றத்துக்கு முன்பாகப் பெயரும் கைரேகையும் பதியப்படுவதை மக்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே கேள்வித்தாளைக் கண்டால் அவர்கள் அஞ்சுவது அறியாமையால் அன்று, அனுபவத்தால்.

வேதமும் எண்ணிக்கையை எப்போதும் நல்லதென்று சொல்லவில்லை. தாவீது ஜனங்களைத் தொகையிட்டது தேசத்துக்கே வாதையாக முடிந்தது (2 சாமுவேல் 24). அவர் கேட்டது பட்டயம் உருவத்தக்கவர் எத்தனை பேர் என்பதே. அவர்களுடைய வீட்டில் அப்பம் உண்டா என்று கேட்கவில்லை. நம் ஆண்டவரும் ஒரு குடிமதிப்பின் நாட்களில்தான் பிறந்தார். இராயனின் கட்டளைக்காக, பிரசவ காலத்திலிருந்த ஒரு தாய் தன் ஊரைவிட்டு வெகுதூரம் நடக்கவேண்டியிருந்தது. எண்ணப்படுவதால் அலைக்கழிக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவரையே நாம் இரட்சகர் என்று தொழுகிறோம். அதே ஆண்டவர், நூறு ஆடுகளை எண்ணி, ஒன்று குறைவதைக் கண்டு, அதைத் தேடிப் புறப்பட்ட மேய்ப்பனைப் பற்றியும் சொன்னார். எண்ணாதிருந்தால் அந்த ஒன்று காணாமற்போனது அவனுக்குத் தெரிந்திராது.

எண்ணப்படாமல் இருப்பதும் தீங்குதான். குடிசைப்பகுதிச் சட்டத்தின்கீழ் 1971-இல் சென்னையில் 1,202 குடிசைப்பகுதிகள் அங்கீகரிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன. அதன்பின் பல பத்தாண்டுகள் பட்டியல் அப்படியே நின்றது. நகரமோ நிற்கவில்லை. பட்டியலில் இல்லாத தெரு, குழாயும் கழிப்பறையும் கேட்கும்போது வலுவற்று நிற்கிறது. 2010-களின் தொடக்கத்தில் டிரான்ஸ்பரன்ட் சென்னை என்ற ஆய்வுக் குழு, குடியிருப்பு மக்களோடு சேர்ந்து பொதுக் கழிப்பறைகளையும் அங்கீகாரமற்ற குடியிருப்புகளையும் வரைபடத்தில் குறித்தது. தங்கள் தெரு ஒரு வரைபடத்தில் இருப்பதைக் காட்டி மனுக் கொடுக்க அதனால் மக்களுக்கு ஓர் ஆதாரம் கிடைத்தது. அந்த எண்ணிக்கை மக்கள் கையில் இருந்தது. மேலிருந்து செய்யப்படும் எண்ணிக்கை மக்கள்மேல் விழுகிறது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

கடல் கடந்த நாட்டிலும் இதே பாடம் உண்டு. 1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம், பிலடெல்பியா நகரத்துக் கறுப்பின மக்களை ஆராயும்படி டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் என்ற இளம் அறிஞரை நியமித்தது. அவரும் கறுப்பினத்தவரே. மனைவியோடு அந்தப் பகுதியிலேயே குடியேறி, ஏறத்தாழ 2,500 வீடுகளுக்குத் தாமே சென்று கேட்டார். ஆயினும் மக்கள் அவரை எளிதில் வரவேற்கவில்லை என்றும், விநோதப் பிராணிகளைப்போல் ஆராயப்படுவதை அவர்கள் வெறுத்தார்கள் என்றும் பின்னாளில் அவரே எழுதினார். 1899-இல் வெளிவந்த அவருடைய நூல், அம்மக்களின் வறுமைக்கு வேலைவாய்ப்பில் அடைக்கப்பட்ட கதவுகள் பெருங்காரணம் என்று காட்டிற்று. சொந்த இனத்தவருக்கே நம்பிக்கை உடனே கிடைக்கவில்லையென்றால், நாமும் மாணவரும் அதைப் பொறுமையாகச் சம்பாதிக்கவேண்டும்.

ஆகையால், பிரியமானவர்களே, ஞாயிறன்று நாம் கூடும்போது, கூடத்தைக் கொடுக்கலாமா கூடாதா என்று மட்டும் பேசிவிட்டுக் கலையாதிருப்போம். எந்த நிபந்தனையின்மேல் கொடுப்பது என்று பேசுவோம். என் மனதிலுள்ளதை இப்போதே எழுதிவிடுகிறேன். கேள்விகள் அச்சாகுமுன் ஆற்றங்கரைக் குடும்பங்களைக் கூட்டி, எதைக் கேட்கவேண்டும், எதைக் கேட்கக்கூடாது என்று அவர்கள் சொல்லட்டும். பெயர், கதவு எண், ஆதார் எண் எதுவும் எழுதப்படாதிருக்கட்டும். பதில் சொல்ல விருப்பமில்லாதவர் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையை மாணவர் மதிக்கட்டும். வேலைநாளில் வந்து ஒருவரின் கூலியைக் கெடுக்காதிருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டறிந்தவை ஆங்கில ஏடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போகுமுன், அதே கூடத்தில், சொன்னவர்களின் முன்பாகத் தமிழில் வாசிக்கப்படட்டும். தவறு இருந்தால் அவர்கள் திருத்தட்டும். நெகேமியா பிரபுக்களைச் சபை முன்பாக நிறுத்தியதுபோல், நாமும் உண்மையைச் சபை முன்பாகவே வைப்போம். கல்லூரி இவற்றுக்கு இசையவில்லையென்றால் கூடத்தைக் கொடுக்கவேண்டாம் என்பதே என் எண்ணம்.

இசைந்தால், நம்முடைய பங்கு அவர்களுடையதைவிடப் பெரிதாகும். மாணவருக்குத் தேர்வு உண்டு. பட்டம் பெற்றால் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். ஸ்லேட்டர்கூட 1921-இல் சென்னையைவிட்டுப் போனார். ஆலயம் இங்கேயே இருக்கும். ஆய்வின் பக்கங்களில் தண்டல் கடன் ஒரு பெருஞ்சுமை என்று தெரிந்தால், நம்மில் வங்கியில் பணிசெய்தவர்கள் மாற்றுக் கடனுக்கு வழிகாட்டவேண்டியிருக்கும். ரேஷன் அட்டை முகவரி சிக்கல் என்று தெரிந்தால், அலுவலகத்துக்கு யாரேனும் கூடப் போகவேண்டியிருக்கும். வீட்டுவேலைக்குச் சரியான கூலி கிடைக்கவில்லை என்று தெரிந்தால், அந்தக் கூலியைக் கொடுப்பவர்களில் நம் சபையாரும் இருக்கக்கூடும். நாம் கொடுத்த அரிசி எவரையும் கேள்வி கேட்டதில்லை. ஆராயப்பட்ட வழக்கு கேள்வி கேட்கும். அதற்கு மனதை ஆயத்தப்படுத்திக்கொண்டே கூடத்தின் சாவியைக் கொடுப்போம்.

ஆற்றங்கரையில் குடியிருக்கும் என் சபையாருக்குத் தனியாக ஒரு சொல். ஞாயிறு கூட்டத்தில் நீங்கள் முதலில் பேசவேண்டும் என்று ஆலயக் குழுவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேண்டாமென்று நீங்கள் சொன்னால், அந்தச் சொல்லுக்கு இந்தச் சபையில் எடை உண்டு.

எளியவர்களின் வழக்கை அறிந்திருக்கிற தேவன், நம் கண்களையும் செவிகளையும் திறந்து, அறிந்ததற்கு ஏற்ப நடக்கும் துணிவையும் நமக்குத் தந்தருளுவாராக. ஆமென்.

உங்கள் ஊழியன்